ராமநாதபுரம் கரையிலிருந்து டைனோசர் பார்க்கப் போவது எப்படி?

கோடை விடுமுறை நெருங்கினால் பிள்ளைகள் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்: "டைனோசர் எலும்பு எங்க இருக்கு, கூட்டிட்டுப் போங்க." கேட்கிற பிள்ளை கீழக்கரையில் இருந்தாலும் தொண்டியில் இருந்தாலும் பதில் ஒன்றுதான். நம் மாவட்டத்தில் டைனோசர் எலும்புக்கூடு நிற்கிற அருங்காட்சியகம் இல்லை. டைனோசர் காலத்துப் புதைபடிவங்களை, அதாவது கல்லாகிப்போன ஓடு, எலும்பு முதலியவற்றை, பார்க்க அரியலூர் போக வேண்டும். முழு எலும்புக்கூடு வேண்டுமென்றால் ஹைதராபாத்.

அவ்வளவு தூரம் பணத்தைச் செலவழித்துப் போய், "பெருசா இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிக்கொண்டு திரும்பி வரும் குடும்பங்கள் நிறைய. பார்க்க வேண்டியது எதிரில்தான் இருந்தது, எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஆகவே என் யோசனை இது: முதலில் வீட்டுச் சமையலறை, அப்புறம் நம் மாவட்டத்து மண்டபம் ஊர், அதற்கப்புறம்தான் வெளியூர். எலும்பையும் ஓட்டையும் பார்க்கக் கண் பழகிவிட்டால், அரியலூரில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் ஒரு கல் கூட உங்கள் பிள்ளையிடம் பேசும். கடற்கரைக்காரர்களுக்கு இதில் பெரிய வசதி உண்டு. மற்ற ஊர்ப் பிள்ளைகள் புத்தகப் படத்தில் பார்க்கும் சங்கையும் கணவாயையும் திருக்கையையும் கையில் பிடித்து வளர்ந்தவர்கள் நாம்.

நம் ஊரில் ஏன் கிடைப்பதில்லை

இந்தக் கேள்விக்கு வீட்டிலேயே பதில் சொல்லிவிடுங்கள். டைனோசர்கள் சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றின. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், பறவைகளாகிவிட்ட ஒரு கிளையைத் தவிர, மற்றவை எல்லாம் அழிந்தன. நம் கரையில் மேலாகத் தெரியும் மணலும் பவளக்கல்லும் அந்தக் கணக்கில் மிகப் புதியவை. கடல் மட்டத்துக்குச் சற்று மேலே தெரியும் நம் மாவட்டத்தின் பழைய பவளத் திட்டுகளைப் பற்றி ஸ்டோடார்ட், கோபிநாத பிள்ளை என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1972இல் எழுதினார்கள். அவர்கள் சொன்ன வயது சுமார் 4,000 ஆண்டுகள். கோடி எங்கே, ஆயிரம் எங்கே.

அதற்காக டைனோசர் காலத்துப் பாறையே நமக்கு இல்லை என்று நினைக்க வேண்டாம். காவிரிப் படுகை என்று புவியியலாளர்கள் சொல்லும் பெரிய பள்ளம் நம் மாவட்டத்துக்கு அடியிலும் பாக் நீரிணைக்கு அடியிலும் நீள்கிறது. டைனோசர் காலத்தில் படிந்த பாறைகள் இங்கே மிக ஆழத்தில் கிடக்கின்றன. ஓ.என்.ஜி.சி. நம் பக்கம் துளையிட்டு எரிவாயு எடுப்பது இந்தப் படுகையில்தான். வழுதூர் மின் நிலையத்தில் எரிவது அந்த எரிவாயு. இதே படுகையின் மேற்கு விளிம்பு அரியலூர், பெரம்பலூர் பக்கம் தரைக்கு மேலே வந்துவிட்டது. அதனால்தான் அங்கே சிமென்ட் சுரங்கம் வெட்டினால் கடல் உயிர்களின் ஓடு வெளிவருகிறது, இங்கே கிணறு வெட்டினால் மணல் வருகிறது.

சமையலறையில் செய்ய வேண்டியது

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போகும்போது கோழியை வெட்டாமல் முழுதாக வாங்கி வாருங்கள். வெட்டிக் கொடுத்தால் எலும்பு நொறுங்கிவிடும், பார்க்க ஒன்றும் மிஞ்சாது. வேகவைத்துச் சதையை எடுத்தபின் இடுப்பெலும்பை மட்டும் தனியாகக் கழுவி, தொடை எலும்பு வந்து பொருந்தும் இடத்தைத் தேடுங்கள். அங்கே ஒரு துளை இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தெரியும். மனிதனுக்கோ ஆட்டுக்கோ அப்படி இருக்காது. அந்த இடம் அடிப்பக்கம் மூடிய குழியாக இருக்கும்.

இந்தத் துளைதான் டைனோசரின் முக்கிய அடையாளங்களில் ஒன்று. பல்லி, முதலை போலக் கால்கள் பக்கவாட்டில் விரியாமல், உடலுக்கு நேர் கீழே தூண் மாதிரி நிற்கும் பிராணிகளுக்கு இப்படி அமைந்தது. பெரிய எலும்புக்கூட்டின் முன் நிற்கும்போது எல்லாரும் தலையைப் பார்ப்பார்கள். உங்கள் பிள்ளை இடுப்பைப் பார்க்கட்டும். கோழியில் பார்த்த துளை அங்கே முகத்தளவுக்குப் பெரிதாக இருக்கும்.

கோழியின் கழுத்துக்குக் கீழே, மார்புக்கு மேலே கவட்டை மாதிரி ஓர் எலும்பு இருக்கிறதல்லவா, அதையும் எடுத்து வையுங்கள். டிரனோசரஸ் ரெக்ஸுக்கும் அதே எலும்பு இருந்தது. பறவை டைனோசர் வம்சம் என்று வாயால் சொல்வதைவிட இந்த இரண்டு எலும்பும் நன்றாகச் சொல்லும்.

அடுத்தது கணவாய் ஓடு. நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கிறார்களே, அதே பொருள்தான். கரையிலும் ஒதுங்கிக் கிடக்கும். ஒன்றைக் குறுக்கே உடைத்து, வெயிலில் பிடித்துப் பாருங்கள். மெல்லிய சுண்ணாம்புத் தகடுகள் அடுக்கடுக்காக, நடுவில் இடைவெளி விட்டு நிற்கும். அந்த இடைவெளிகளில் காற்றும் நீரும் எவ்வளவு இருக்க வேண்டும் என்று மாற்றி மாற்றித்தான் கணவாய் மூழ்காமலும் மேலே அடித்துக்கொண்டு போகாமலும் நடுக்கடலில் நிற்கிறது. இதை நினைவில் வையுங்கள், அரியலூரில் தேவைப்படும்.

உடைந்த சங்கு ஒன்று கிடைத்தால் அதையும் பாருங்கள். நடுத்தண்டைச் சுற்றி ஒரே வழியாகச் சுழன்றுகொண்டு போகும், குறுக்குச் சுவர் எங்கும் இருக்காது. கீழக்கரைப் பிள்ளைகளுக்கு இது புதிதாக இருக்காது. இந்தக் கரையில் குளித்தெடுத்த சங்குகள் காலங்காலமாக வங்காளத்துக்குப் போய் வளையலாகியிருக்கின்றன.

மண்டபத்தில் அரை நாள்

1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையிடம் பல ஆண்டுகள் மண்டபம் கேம்பில்தான் இருந்தது. பிறகு அது கொச்சிக்குப் போய்விட்டது, மண்டபத்தில் மண்டல மையம் இருக்கிறது. அங்கே பொதுமக்கள் பார்க்க அருங்காட்சியகமும் மீன் காட்சியகமும் உண்டு. ராமேஸ்வரம் போகும் பேருந்தில் ஏறினால் வழியிலேயே இறங்கிக்கொள்ளலாம். நேரத்தையும் விடுமுறையையும் மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அரசு ஆராய்ச்சி நிலையம் என்பதால் அலுவலக நாட்களை ஒட்டித்தான் எல்லாம் நடக்கும்.

உள்ளே போனதும் பிள்ளைகள் உயிருள்ள மீனைப் பார்க்க ஓடுவார்கள். ஓடட்டும், அதைத் தடுக்க வேண்டாம். திரும்பி வந்தபின் மூன்று பொருள்களை மட்டும் நிதானமாகக் காட்டுங்கள்.

முதலாவது கடல் பசு, நம் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்வது. 1960களில் மண்டபத்தில் இதை உயிரோடு வளர்த்தே ஆராய்ந்திருக்கிறார்கள். பார்த்தால் மீன் மாதிரி இருக்கும். உண்மையில் பால் கொடுக்கும் பிராணி, யானைக்குத்தான் உறவு. கடல் புல் மேய அடியில் இறங்க வேண்டும் என்பதால் அதன் விலா எலும்புகள் தடித்துக் கனத்துப் போயிருக்கும். முன் துடுப்பைத் தோலுரித்துப் பார்த்தால் உள்ளே ஐந்து விரல் எலும்புகள் வரிசையாக இருக்கும். பின்னங்கால் கிடையாது. இடுப்பெலும்பு சிறு துண்டாகச் சதைக்குள் மிஞ்சியிருக்கிறது, அவ்வளவுதான்.

இங்கே நின்று பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள். இவ்வளவு கனமான உடம்புக்கு இடுப்பு ஏன் வேண்டாம்? கடல் தாங்கிக்கொள்கிறது, அதனால் வேண்டாம். கரையில் நடக்கும் டைனோசரைத் தாங்க யார் இருக்கிறார்கள்? அதன் கனம் முழுவதும் இடுப்பு வழியாகக் காலில் இறங்கியாக வேண்டும். இந்த ஒரு விஷயம் புரிந்தால் ஹைதராபாத் பயணம் பாதி முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது ஆமை. முதுகு ஓடு ஏதோ மேலே போர்த்திக்கொண்ட கவசம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். விலா எலும்புகளும் முதுகெலும்பும் அகன்று ஒன்றோடொன்று ஒட்டித்தான் அந்த ஓடு உண்டானது. கடலாமைகள் டைனோசர் காலத்திலேயே கடலில் நீந்திக்கொண்டிருந்தவை.

மூன்றாவது சுறாவின் தாடை. பற்கள் வரிசை வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதைப் பாருங்கள். முன் வரிசை விழ விழப் பின்னால் இருப்பது முன்னே வரும், வாழ்நாள் முழுக்க இது ஓயாது. சுறாவுக்கு உடம்பு முழுக்கக் குருத்தெலும்பு, அது மண்ணில் மக்கிப்போகும். பல் மக்காது. ஆகவே புதைபடிவமாகக் கிடைப்பவற்றில் சுறாப் பல்தான் ஏராளம். அரியலூர், பெரம்பலூர்ப் பாறைகளிலும் அது கிடைக்கிறது. சுறா இனம் டைனோசருக்கும் மூத்தது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

நேரம் இருந்தால் தனுஷ்கோடி வரை போய் வாருங்கள். 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயத்தின் சுவர் பவளக்கல்லால் கட்டியது. கிட்டே போய்ப் பார்த்தால் கல்லில் பூப்போன்ற சிறு குழிகள் தெரியும். ஒவ்வொரு குழியும் ஓர் உயிர் இருந்த வீடு. உயிர் போனபின் உருவம் கல்லில் நிற்பது என்றால் என்ன என்று காட்ட இதைவிட நல்ல சுவர் நம் பக்கம் இல்லை. கையால் சுரண்டவோ உடைக்கவோ விடாதீர்கள். கரையில் கிடக்கும் பவளத்தையும் எடுத்துவர வேண்டாம். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, செத்த பவளமும் அதில் சேர்த்திதான். ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக இந்தக் கடலிலிருந்து பவளத்தை வெட்டி வெட்டி எடுத்தார்கள். அந்தச் சேதத்திலிருந்து கடல் இன்னும் முழுசாக மீளவில்லை.

எங்கே போவது

இப்போது வெளியூர். மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

சிறு பிள்ளைகள் இருந்தால், அல்லது செலவைக் குறைக்க வேண்டுமென்றால், அரியலூர். மாவட்டத்தில் வாரணவாசி என்ற ஊரில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. சுற்று வட்டாரத்தில் கிடைத்த கடல் உயிர்களின் புதைபடிவங்கள்தான் அங்கே முக்கியம். ராமேஸ்வரத்திலிருந்து திருச்சிக்குப் பகல் ரயில் உண்டு. பேருந்து என்றால் தேவகோட்டை, காரைக்குடி, புதுக்கோட்டை வழி. இரவு திருச்சியில் தங்கிவிட்டு விடியற்காலையில் அரியலூர் கிளம்புவது நல்லது. வெயில் ஏறினால் அந்தப் பக்கம் நிற்க முடியாது. அதே மாவட்டத்தில் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது, கரைவெட்டி பறவைகள் சரணாலயமும் இருக்கிறது, ஒரே பயணத்தில் சேர்த்துக்கொள்ளலாம். பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் ஒன்று சுமார் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது. அதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு டைனோசருக்காக மட்டும் போகாதீர்கள். திமிங்கில எலும்புக்கூட்டுக்காகப் போங்கள், கண்டிப்பாகப் பார்க்க வேண்டியது. மண்டபத்தில் கடல் பசுவைப் பற்றிச் சொன்னது எல்லாம், விரல் எலும்பு உட்பட, அங்கே பத்து மடங்கு பெரிதாகக் கண்ணுக்கு முன் இருக்கும். 1851இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்துக்கும் நம் கரைக்கும் பழைய உறவு உண்டு. அதன் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு, சங்குக்குளிப்பு பற்றி எழுதியவர். பாம்பனுக்குப் பக்கத்துக் குருசடைத் தீவின் கடல் உயிர்களைப் பற்றி 1927இல் அந்த அருங்காட்சியகம் தனி வெளியீடே கொண்டுவந்தது. எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ராமேஸ்வரத்திலிருந்து வரும் வண்டிகளில் சில தாம்பரத்தோடு நின்றுவிடும், டிக்கெட் எடுக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. வெள்ளிக்கிழமைதான் கடை மூடி ஓய்வாக இருக்கும் என்று கிளம்புகிற கீழக்கரைக் குடும்பங்கள் சனிக்கிழமையாகப் பார்த்துப் போங்கள்.

உண்மையான எலும்பில் நிறுத்திய முழு டைனோசர் பார்க்க ஹைதராபாத் பிர்லா அறிவியல் அருங்காட்சியகம். பிர்லா மந்திருக்குப் பக்கத்திலேயே. அங்கே நிற்பது கோட்டாசரஸ், 44 அடி நீளம். அன்றைய ஆந்திராவின் அடிலாபாத் மாவட்டத்து யாமன்பள்ளியில் 1970களில் தோண்டி எடுத்தது. தாவரம் தின்னும் நீளக் கழுத்து வகை, டைனோசர் வரலாற்றில் முன்பகுதியைச் சேர்ந்தது. நம் நாட்டு எலும்பு, நம் நாட்டவர் தோண்டியது, நம் நாட்டவர் பெயர் வைத்தது. வெளிநாட்டு அருங்காட்சியகத்து டிரனோசரஸ் படத்தைப் பார்த்து ஏங்கும் பிள்ளைக்கு முதலில் இதைக் காட்ட வேண்டும் என்பது என் பிடிவாதமான கருத்து. கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பாராபாசரஸ் என்ற இன்னொரு எலும்புக்கூடு நிற்கிறது. ரவீந்திரநாத் தாகூரின் பெயரைச் சேர்த்து அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அது கல்வி நிறுவனத்துக்குள் இருப்பதால் முன் அனுமதி வாங்கிப் போங்கள்.

எப்போது கிளம்பலாம்

விசைப்படகுத் தொழிலில் இருக்கும் குடும்பங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அப்பா வீட்டில் இருப்பார், பிள்ளைகளுக்கும் விடுமுறை. ஆனால் கையில் காசு இருக்காத மாதங்களும் அவைதான். அந்த நேரத்தில் மண்டபத்தையும் தனுஷ்கோடியையும் முடித்துக்கொள்ளுங்கள், செலவு அதிகம் ஆகாது. அரியலூருக்கு ஜனவரி, பிப்ரவரி நல்லது. மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது, கரைவெட்டியில் பறவைகளும் இருக்கும். ஹைதராபாத் என்றால் காலாண்டு, அரையாண்டு விடுமுறையில் ரயில் டிக்கெட் முன்பதிவு திறந்த அன்றே போட்டுவிடுங்கள்.

அரியலூரில் எதைப் பார்ப்பது

அம்மோனைட் என்ற பெயர்ப் பலகை இருக்கும் பெட்டிக்கு நேராகப் போங்கள். சுருண்ட கல், நத்தை ஓடு மாதிரி தோன்றும். பூஜையறையில் சாளக்கிராமம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். கண்டகி நதியில் எடுக்கும் அந்தக் கல்லில் சக்கரமாகத் தெரிவதும் அம்மோனைட்டின் சுருள்தான்.

பெட்டியில் குறுக்கே அறுத்து மெருகேற்றிய துண்டு இருந்தால் அதைத் தேடிப் பிடியுங்கள். சுருளுக்குள் அறை அறையாகத் தடுப்புச் சுவர்கள் தெரியும். சங்கில் இந்தச் சுவர் இல்லை என்பது பிள்ளைக்குத் தெரியும், வீட்டிலேயே பார்த்தாயிற்று. அப்படியானால் இது சங்கு வகை இல்லை. அறைகளில் காற்றை வைத்து மிதந்த பிராணி, கணவாய் ஓட்டில் பார்த்த அதே வேலை. அம்மோனைட் கணவாய்க்கு உறவுதான். ஓட்டின் வாய்ப்பக்கத்துக் கடைசி அறையில் உடம்பை வைத்துக்கொண்டு, கைகளை வெளியே நீட்டிக் கடலில் திரிந்தது. அறுக்காத கல்லாக இருந்தால், மேல் தோல் உதிர்ந்த இடத்தில் இலை நரம்பு போல நெளிநெளியாகக் கோடுகள் தெரியும். உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர் வெளி ஓட்டோடு ஒட்டிய தடம் அது. இனத்துக்கு இனம் அந்தக் கோடு மாறும். ஆராய்ச்சியாளர்கள் அதை வைத்தே இனம் பிரிக்கிறார்கள்.

டைனோசர்கள் போன அதே 6.6 கோடி ஆண்டுக்கு முந்தைய பேரழிவில்தான் அம்மோனைட்டும் போயிற்று. கணவாயின் முன்னோர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

அரியலூரில் டைனோசர் இருந்ததா என்றால், இருந்தது. கல்லமேடு என்ற இடத்தில் கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளுக்கு யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு புவியியலாளர்கள் 1980களின் கடைசியில் பிருகத்காயோசரஸ் என்று பெயர் வைத்தார்கள். கால் எலும்பு ஒன்று மட்டும் சுமார் 2 மீட்டர் நீளம் என்று பதிவு செய்தார்கள். முதலில் மாமிசம் தின்னும் வகை என்று எழுதியதைப் பின்னால் வந்தவர்கள் திருத்தி, நீளக் கழுத்துத் தாவர வகை என்றார்கள். உலகத்தின் மிகப் பெரிய தரைவாழ் பிராணியாகக் கூட அது இருந்திருக்கலாம் என்ற பேச்சு இன்றும் ஓடுகிறது. ஆனால் எலும்பு இப்போது இல்லை. ஈரத்தில் ஊறிப் பொடிப்பொடியாகப் போகும் நிலையில் இருந்தது, பொடிந்தே போய்விட்டது. 2022இல் பழைய புகைப்படங்கள் வெளிவந்தன. இன்று மிஞ்சியிருப்பவை அந்தப் படங்களும் எழுதி வைத்த அளவுகளும்தான். இதைப் பிள்ளையிடம் முழுதாகச் சொல்லுங்கள். கிடைத்த பொருளைக் காப்பாற்றுவது தோண்டுவதைவிடக் கடினம் என்பதும், படம் எடுத்து அளந்து எழுதி வைப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதும் இதில் இருக்கிறது. ஹைதராபாத்தின் கோட்டாசரஸுக்குப் பெயர் வைத்தவரும் இதே யாதகிரிதான்.

முட்டைக் கதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் டைனோசர் முட்டை கிடைத்ததாக வாட்ஸ்அப்பில் படங்கள் பறந்தன. போய்ப் பார்த்த வல்லுநர்கள் அவை அம்மோனைட் முதலானவற்றைச் சுற்றிப் படிந்து உருண்டையாக இறுகிய கல் என்றார்கள். வழுவழுப்பாக உருண்டு இருப்பதெல்லாம் முட்டை ஆகாது. இந்தியாவில் உண்மையான டைனோசர் முட்டைகள் குஜராத்தில் பாலாசினோர் பக்கத்து ரையோலியில் நிறையக் கிடைத்திருக்கின்றன.

எலும்புக்கூட்டின் முன் நிற்கும்போது

ஹைதராபாத்தில் கூடத்துக்குள் நுழைந்ததும் போன் எடுத்துப் படம் பிடிக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் பின்னால் போய், வால் நுனி முதல் தலை வரை ஒரே பார்வையில் அடங்கும் இடத்தில் நில்லுங்கள். முதுகெலும்பு எங்கே உயர்கிறது, எங்கே தாழ்கிறது என்று கண்ணால் ஒரு முறை ஓட்டுங்கள். அப்புறம் கிட்டே வந்து இடுப்பு. கோழியில் பார்த்த துளை, அதிலிருந்து நேர் கீழே இறங்கும் கால்.

அதன்பிறகு நிறத்தைக் கவனியுங்கள். பெரும்பாலான அருங்காட்சியகங்களில் எலும்புக்கூடு முழுவதும் அசல் இருக்காது. கிடைக்காத பாகங்களைச் செய்து பொருத்துவார்கள், ஒரே இனத்தின் பல பிராணிகளிலிருந்து எலும்பு சேர்ப்பதும் உண்டு. கோட்டாசரஸும் அப்படிச் சேர்த்ததே. அதன் மண்டையோடு கிடைக்கவில்லை, பற்கள்தான் கிடைத்தன. ஆகவே கழுத்துக்கு மேல் நீங்கள் பார்க்கும் தலை, உறவுள்ள மற்ற டைனோசர்களை வைத்துக் கணித்துச் செய்தது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, இப்படித்தான் இந்தத் துறை வேலை செய்கிறது. எது கிடைத்தது, எது ஊகம் என்று அங்கே இருக்கும் ஊழியரிடம் கேட்கச் சொல்லுங்கள். பிள்ளை கேட்டால் அவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

மற்ற டைனோசர்களின் மண்டையோட்டு வார்ப்பு ஏதாவது பக்கத்தில் இருந்தால் பல்லைப் பாருங்கள். ஓரத்தில் ரம்பம் போல வெட்டு இருந்தால் மாமிசம் தின்றது. ஆப்பு அல்லது இலை வடிவம் என்றால் தழை. பறக்கும் டெரோசார்களும், கடலில் நீந்திய இக்தியோசார், பிளீசியோசார்களும் டைனோசர் இல்லை. அதே காலத்தில் வாழ்ந்த வேறு ஊர்வன அவை. பொம்மைக் கடைகளில் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு விற்பதால் வரும் குழப்பம் இது.

பிள்ளை கையில் ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். முழு டைனோசரை வரையச் சொல்லாதீர்கள், சலித்துவிடும். ஏதாவது ஓர் எலும்பு, அது பிடித்ததாக இருந்தால் போதும். தொடை எலும்பு, ஒரு முதுகெலும்புக் கண்ணி, ஒரு நகம். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் வரையுங்கள். வரையும்போதுதான் மேடு, பள்ளம், தசை ஒட்டியிருந்த சொரசொரப்பான தழும்பு எல்லாம் கண்ணில் படும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் சிறுவர்களை உள்ளே வைத்திருக்காதீர்கள். தண்ணீர் பாட்டிலும் சாப்பாடும் வெளியே பையில் இருக்கட்டும், கூடத்துக்குள் எடுத்துப் போகக் கூடாது. போன் கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று சீட்டு வாங்கும் இடத்திலேயே கேட்டுவிடுங்கள்.

ஊருக்குத் திரும்பியபின்

டைனோசர் வம்சம் இங்கேயும் இருக்கிறது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்தங்கல், சக்கரக்கோட்டை என்று நம் மாவட்டத்தில் பறவைகள் சரணாலயங்கள் உண்டு, பருவத்தில் தனுஷ்கோடிப் பக்கம் பூநாரைகளும் வரும். இடுப்பும் காலும் பார்க்கப் பழகிய பிள்ளை பூநாரை நடப்பதைப் பார்க்கும்போது கூடவே ஒன்றைச் சொல்லுங்கள். பின்பக்கமாக மடங்குவது அதன் முழங்கால் அல்ல, கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. டைனோசரின் காலிலும் மூட்டுகள் இதே வரிசைதான்.

கடைசியாக, இது பெரியவர்களுக்கு. வெளியூரில் புதைபடிவம் என்று வழியோரத்தில் விற்பதை வாங்காதீர்கள். அரியலூர் ஓடைகளிலும் சுரங்கங்களிலும் கல் பொறுக்கவும் விடாதீர்கள். ஒரு அம்மோனைட் எந்த அடுக்கில் கிடந்தது என்பதில்தான் அதன் மதிப்பு பாதி இருக்கிறது. எடுத்துப் பையில் போட்டுவிட்டால் அது வெறும் அலங்காரக் கல். நம் ஊரில் கிணறு, போர், வீட்டு அஸ்திவாரம் தோண்டும்போது வழக்கத்துக்கு மாறான எலும்போ ஓடோ வந்தால் கழுவிவிடாமல், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, எத்தனை அடி ஆழம், எந்த நிற மண் என்று எழுதி, அருகில் உள்ள கல்லூரியின் புவியியல் துறைக்கோ அரசு அருங்காட்சியகத்துக்கோ தெரிவியுங்கள். கரையில் கடல் பசுவோ ஆமையோ திமிங்கிலமோ செத்து ஒதுங்கினால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பல்லோ எலும்போ நினைவுக்கு என்று எடுத்து வைத்துக்கொண்டாலும் அது குற்றம்தான்.